ஐந்தாவது தூக்கம்

அத்தியாயம் 14

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்குக் கலோயன் லிஃப்டில் போகவில்லை; படியேறித்தான் போனான். இருபத்திரண்டு வருஷமாக ரூசே ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அடுத்தவன் பராமரிக்கிற லிஃப்டில் கால் வைக்க மாட்டான்.

ஒரு கையில் இரண்டு காபி. மறு கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். உள்ளே சீஸ் வைத்து அடுக்கிச் சுட்ட பனித்ஸா, இன்னும் சூடு ஆறவில்லை.

அறை வாசலிலேயே மகள் ரலித்ஸா மறித்தாள். ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த முகம்.

"காபியா? நேத்து நான் என்னப்பா சொன்னேன்?"

"என்ன சொன்னே?"

"அம்மாவுக்கு இன்னிக்குக் காபி கூடாதுன்னு சொன்னேன்."

"ரெண்டும் எனக்குத்தான்."

ரலித்ஸா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அப்பாவிடம் இவ்வளவு பேசியதே பெரிது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பீன்ஸ் சூப்பை வைத்துவிட்டு, மேஜையிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனாள் நெவேனா. வீடு முழுக்கப் புகை. கலோயன் போட்ட கூச்சலில் மேல் வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தார். "தூங்கறதுக்குன்னே பொறந்தவ நீ!" என்று அவன் கத்தியதை அந்த மனுஷரும் கேட்டார், மகளும் கேட்டாள். கேட்ட மகள் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். "தூக்கப் பரிசோதனை. ரெண்டு மாசம் முன்னாடியே நாள் வாங்கிட்டேன். வியாழக்கிழமை. பகல்ல நீதான் அம்மா கூட இருக்கணும்."

இதோ, வியாழக்கிழமை வந்துவிட்டது.

உள்ளே கட்டிலில் நெவேனா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க ஒயர். நெற்றியில், கண்ணோரத்தில், தாடையில் எல்லாம் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். பிப்ரவரிவரைக்கும் ஊரின் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவள். லாஸ்தோவித்ஸா கம்பெனியில் பதினாறு வருஷம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. கம்பெனி முற்றத்தில் இறுகிக் கிடந்த பனிக்கட்டியில் கால் வழுக்கி, பஸ் படியின் விளிம்பில் பின்மண்டை மோதியது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று பிடித்த தூக்கம்தான், ஏழு மாசமாக விடவில்லை.

"என்ன பாக்கறே?" என்றாள் நெவேனா.

"நீ திறந்து போட்ட லிஃப்ட் பெட்டி மாதிரி இருக்கே."

"பழுது பாத்துடுவியா?"

பக்கத்து அறையிலிருந்து ஸ்தோயங்கா வந்தாள். பரிசோதனை நடத்துகிறவள், ஐம்பது வயதிருக்கும், காதில் ஹெட்ஃபோன், கழுத்தில் கண்ணாடி. விதிகளை ஒரே மூச்சில் சொன்னாள். "ஒன்பது, பதினொண்ணு, ஒண்ணு, மூணு, அஞ்சு. அஞ்சு தடவை விளக்கை அணைப்பேன். தூக்கம் வந்தா தூங்கலாம். இருபது நிமிஷத்துல வரலைன்னா விளக்கைப் போட்டுடுவேன். நடுவுல ஒரு பொட்டுத் தூக்கம் கூடாது. அது உங்க பொறுப்பு."

"என் பொறுப்பா?"

"கூட வந்தவர் நீங்கதானே? பேசிட்டே இருங்க."

ரலித்ஸா கோட்டை மாட்டிக்கொண்டாள். மருந்துக்கடையில் அவளுக்கு ஒன்பது மணிக்கு வேலை. "அஞ்சரைக்கு வந்து கூட்டிட்டுப் போறேம்மா. அப்பா, திட்டாம பேசு."

ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது. கலோயன் நடைபாதையில் நின்று முதல் காபியைக் குடித்தான். பாதி குடிப்பதற்குள் ஸ்தோயங்காவின் அறைக் கதவு திறந்தது.

"ரெண்டு நிமிஷம்."

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகுமா?"

"ரெண்டு நிமிஷத்துல தூங்கிட்டாங்கன்னு சொல்றேன்."

"ராத்திரி சரியா தூங்கியிருக்க மாட்டா. புது இடம்."

"எல்லா ராத்திரியும் இப்படித்தான்னு உங்க பொண்ணு சொன்னா. நேத்து முப்பத்தோரு தடவை முழிச்சிருக்காங்க. பல தடவை அவங்களுக்கே தெரியாது."

முப்பத்தொன்று. ஏழு மாசமாகப் பக்கத்தில் படுத்திருந்த மனுஷனுக்கும் தெரியவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு அவள் எழுந்து ஜன்னலோரம் நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். பகலெல்லாம் தூங்கினால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும் என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறான்.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தாள். சின்னப் பெண், ஆனால் பேச்சில் அவசரம் இல்லை. கலோயன் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"படத்துல ஒண்ணுமே இல்லைன்னாங்களே, டாக்டர்?"

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"ஒரு லிஃப்டை வெளியிலேர்ந்து போட்டோ எடுத்தா, உள்ளே ஒயர் லூஸா இருக்கறது தெரியுமா?"

"தெரியாது."

"அடி விழுந்தப்போ மூளை குலுங்கியிருக்கு. தூங்கு, முழிச்சிக்கோன்னு உத்தரவு போடற இடம் ஒண்ணு உள்ளே ஆழத்துல இருக்கு. அங்கே இழைங்க அறுந்திருந்தா படத்துல வராது. தலையில அடிபட்ட நிறைய பேருக்கு இப்படி ஆகுது. சிலருக்குத் தூக்கமே வராது, சிலருக்கு விடாது. சிலருக்கு ரெண்டும்." அவள் நெவேனாவைப் பார்த்தாள். "நீங்க முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் மலையேறற மாதிரி. இல்லையா?"

ஆமாம் என்று நெவேனா தலையை ஆட்டப் போனாள்.

"தலையை ஆட்டாதே, ஒயர் பிடுங்கிக்கும்," என்றான் கலோயன். வேறு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

நெவேனாவின் கண் நிறைந்திருந்தது. அழவில்லை. ஏழு மாசத்தில் ஒருத்தராவது அதைச் சொன்னார்களே என்ற முகம்.

பதினொரு மணிக்கு மூன்று நிமிஷம்.

மதியம் அவளை நடைபாதையில் மேலும் கீழும் நடக்க வைத்தான். ஒயர்க் கற்றையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் நடந்தாள். பேச விஷயம் இல்லாமல், எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எத்தனையாவது மாடியில் நின்றது என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"கலோ, போதும். இதைக் கேட்டா அடிபடாதவளுக்கே தூக்கம் வரும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியாகச் சேர்ந்து சிரித்தது எப்போது என்று அவன் யோசித்தான். நினைவு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஃபோன். அவன் அக்கா ஷிவ்கா. கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரல். காதில் வைக்கவே தேவையில்லை.

"எங்கேடா இருக்கே? இன்னும் அந்தத் தூக்க ஆஸ்பத்திரியிலயா? நானும் நாப்பது வருஷம் உழைச்சிருக்கேன், படுத்துத் தூங்கறதுக்கு டாக்டர் கிட்டப் போனதில்லை. மகாராணி எழுந்துட்டாளா?"

முன்பெல்லாம் இதற்கு அவன் சிரிப்பான். பதிலுக்கு ஒன்று சேர்த்தும் விடுவான். நெவேனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எப்போதும் இப்படித்தான் திரும்பிக்கொள்வாள் என்பது இன்றைக்குத்தான் அவன் கண்ணில் பட்டது.

"அக்கா, இனிமே அவளைப் பத்தி இப்படிப் பேசாதே."

"என்னடா இது, புதுசா?"

"அவ தலையில அடிபட்டிருக்கு. எல்லாருமாச் சேர்ந்து அவ மனசுலயும் அடிச்சோம். நானும்தான். வை."

ஃபோனைப் பையில் போட்டான்.

நெவேனா திரும்பவில்லை. "அவ சொல்றதாவது எனக்கு முன்னாடி சொல்றா," என்றாள். "பென்கா மாதிரி முதுகுல குத்தலை."

கலோயன் ஃபோனை மறுபடி எடுத்து, அணைத்துப் போட்டான்.

பென்கா அதே கம்பெனியில் பஸ் ஓட்டுகிறவள், நெவேனாவின் பதினாறு வருஷத் தோழி. பிப்ரவரியில் அந்தப் பனியில் மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நெவேனாவின் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்தான். ஜூனில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வேலை நேரத்தில் நடந்த விபத்தால் வந்த கோளாறு என்று ஏற்க முடியாது. அவருக்கு வேலைக்கு வர விருப்பமில்லை என்று நெருங்கிய நபர் ஒருவர் எழுத்தில் தெரிவித்திருக்கிறார். நெவேனா அந்த வரியைப் பத்துத் தடவை படித்தாள். கம்பெனிக்காரர்கள் வேறு யாரைக் கேட்டிருப்பார்கள்? ஜூலையில் பென்காவின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில், அத்தனை பேர் முன்னால், "என் சோத்துல மண்ணைப் போட்டுட்டு கேக் வெட்டறியா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். பென்கா கத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

அன்றைக்குக் கலோயனும் அந்த விருந்தில் இருந்தான். பக்கத்திலேயே நின்றான்.

ஒரு மணிக்கு ஒரே நிமிஷம். "விளக்கை அணைச்சுட்டு நான் நாற்காலியில உட்காரக்கூட இல்லை," என்றாள் ஸ்தோயங்கா.

மூன்று மணிக்கு நாலு நிமிஷம்.

நாலரை ஆனபோது நெவேனாவால் முடியவில்லை. நடக்கவும் கால் வரவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "பேசு கலோ. என்னத்தையாவது பேசு," என்றாள். கெஞ்சுகிற குரல். "லிஃப்டைப் பத்தியே பேசு, பரவாயில்லை."

கலோயன் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே செப்டம்பர் வெயில்.

"மே மாசம், ரலியோட பள்ளிக்கூடம் முடிஞ்ச விருந்து ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? புது கவுன் போட்டுட்டு சோபாவுல உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தப்போ எல்லாரும் போயிட்டீங்க. தெருவுல மேளம் வாசிச்சு அவளை வழியனுப்பினாங்களாம். நான் பாக்கலை." அவள் குரல் தேய்ந்தது. "எழுப்பினீங்களாம்."

"எழுப்பினேன். நீ முழிக்கலை. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க. எனக்கு அவமானமா இருந்தது. அன்னிக்கு ராத்திரி முழுக்கக் கறுவிட்டே இருந்தேன்."

"தெரியும்."

"இது தெரியாது." அவன் தொண்டையைச் செருமினான். "அடுத்த நாள் காலையில கம்பெனியிலேர்ந்து விசாரணைக்கு ஒருத்தர் வந்தார். நீ தூங்கிட்டிருந்தே. கதவைத் திறந்தது நான். வீட்டுல எப்படி இருக்காங்கன்னு கேட்டார். ஒரு மனுஷன் அப்படிக் கேட்டு மூணு மாசம் ஆயிருந்தது, நெவேனா. எனக்குத் தோணினதையெல்லாம் கொட்டினேன். அவளுக்கு ஒண்ணும் இல்லை, வேலைக்குப் போக மனசில்லை, படுத்தே கிடக்கறான்னு. அதை எழுதித் தர முடியுமான்னார்."

அவன் நிமிரவில்லை. தன் கைகளைப் பார்த்தே பேசினான்.

"எழுதிக் குடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். அந்த நெருங்கிய நபர் நான்தான். பென்கா இல்லை. கடிதம் வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ பென்காவைத் திட்ட ஆரம்பிச்சதும், சரி, அவ தலையில போகட்டும்னு விட்டுட்டேன். அந்த விருந்துல கூட வாயைத் திறக்கலை. கேக் வெட்டற கத்தியோட அவ நின்னதை ஒவ்வொரு நாளும் பாத்துட்டிருக்கேன்."



நிமிர்ந்து பார்த்தான். நெவேனாவின் கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது.

எப்போது மூடினாள்? பென்காவின் பெயரைச் சொல்வதற்கு முன்னாலா, பின்னாலா? எழுப்ப வேண்டும், அதுதான் விதி. தோளைத் தொடக் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான். எழுப்பினால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கு அவனிடம் தெம்பு மிச்சமில்லை. வெட்கக்கேடான ஒரு நிம்மதி கூட உள்ளே எட்டிப் பார்த்தது. கேட்டிருக்க மாட்டாள்.

கதவு திறந்து ஸ்தோயங்கா வந்தாள். "அஞ்சு மணி. நீங்க வெளியே வாங்க."

"அவ ஏற்கனவே..."

"வாங்க."

விளக்கு அணைந்தது.

நடைபாதையில் கலோயன் சுவரில் சாய்ந்து நின்றான். ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்தாவது நிமிஷமும் ஸ்தோயங்கா வெளியே வரவில்லை. பத்து ஆயிற்று. பதினைந்தும் ஆயிற்று. ஐந்தே இருபதுக்கு அறைக்குள் விளக்கு எரிந்தது.

ஸ்தோயங்கா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"தூங்கலை."

"என்னது?"

"இருபது நிமிஷமும் முழிச்சிட்டிருந்தாங்க. ஒரு நொடி கூடக் கண் அசரலை."

"நான் பேசும்போதே தூங்கிட்டாளே?"

"கண்ணை மூடினாங்க. தூங்கலை. ஸ்க்ரீன்ல எனக்குத் தெரியும். தூங்கியிருந்தா ஓடி வந்து உங்களைச் சத்தம் போட்டிருப்பேன்." குரலைத் தாழ்த்தினாள். "அந்த அறையில மைக்கும் இருக்கு. நீங்க கையெழுத்துன்னு ஆரம்பிச்சதும் நான் காதுல இருந்ததைக் கழட்டி வெச்சுட்டேன்."

கலோயனுக்கு முகம் வெந்தது. "என்னால பரிசோதனை கெட்டுப்போச்சா?"

"அஞ்சையும் கூட்டிச் சராசரி எடுத்தாலும் ஆறு நிமிஷம்தான் வருது. எட்டுக்குக் கீழே போனாலே வியாதின்னு எழுதுவாங்க. அது கெடலை." கெட்டது எது என்று அவள் சொல்லவில்லை.

அவன் உள்ளே போனபோது நெவேனா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணோரத்து ஒயரைத் தானே பிய்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"நெவேனா..."

"இப்ப வேண்டாம்."

"நீ கேக்கலைன்னு நினைச்சேன்..."

"எல்லாத்தையும் கேட்டேன். என் வாழ்க்கையிலேயே தூங்கிடணும்னு நான் வேண்டிக்கிட்டது இந்த ஒரு தடவைதான். வரலை."

ரலித்ஸா சொன்ன நேரத்துக்குக் காரோடு வந்துவிட்டாள். அம்மாவின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "என்ன சொன்னாங்க? மோசமா ஏதாவது?"

"சோம்பேறித்தனம் இல்லையாம். வியாதிதானாம்," என்றாள் நெவேனா. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "வீட்டுக்கு வேண்டாம். பென்கா வீட்டுக்கு விடு."

"பென்கா அத்தை வீட்டுக்கா? அம்மா, உனக்குத்தான் அவங்களோட..."

"விடு, ரலி."

பின் சீட்டில் கலோயன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து நிமிஷப் பயணம். வழக்கமாக இரண்டாவது சிக்னலிலேயே நெவேனாவின் தலை சாய்ந்துவிடும். இன்றைக்கும் சாய்ந்தது; உடனே நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டாள். அது எத்தனை பெரிய பாடு என்று பின்னாலிருந்து முதல் முறையாக அவன் பார்த்தான்.

பென்காவின் கட்டடத்து வாசலில் கார் நின்றது. நெவேனா இறங்கினாள், அவனும் இறங்கினான். ரலித்ஸா காரை ஓரம் கட்டிக்கொண்டிருந்தாள். வாசல் சுவரிலிருந்த பேச்சுப் பெட்டியில் நாலாவது மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு, நெவேனா ஒதுங்கி நின்றாள்.

"யாரு?" சின்னப் பெட்டியிலிருந்து கரகரப்பான குரல்.

நெவேனா அவனைப் பார்த்தாள்.

"பென்கா, நான் கலோயன்."

"என்ன வேணும்?"

"மே மாசம் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தது நான். நீ இல்லை. நான்தான்."

உள்ளே எங்கோ தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள், சத்தம் சட்டென்று நின்றது.

"நான் எழுதலைன்னு எனக்கே தெரியும், கலோயன். நெவேனாவுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் சொன்னேன். பக்கத்துல நிக்கறா."

பிறகு, "அவ மட்டும் மேலே வரட்டும்."

"பென்கா, அவ நாள் பூரா தூங்காம இருந்திருக்கா. உட்கார்ந்த இடத்துலயே தூங்கிடுவா. அது அவ வேணும்னு..."

"எனக்குச் சொல்றியா?" குரல் உடைந்தது. "தூங்கட்டும். போத்தி விட எனக்குத் தெரியும்."

மேலிருந்து திறந்துவிட்டதில் கதவு கிர்ரென்றது. நெவேனா உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கனத்த இரும்புக் கதவு தன் பாட்டுக்கு மூடிக்கொண்டது.

கலோயன் திரும்பினான். இரண்டடி தள்ளி, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரலித்ஸா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மே மாசமா?" என்றாள். "என் விருந்துக்கு அடுத்த நாளா?"

அவன் வாயைத் திறந்தான்.

"என்னப்பா எழுதினே?"